யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள்

கேள்வி: கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது. யாருமே ஓட்டுப் போடாத சில நீதிபதிகள் அதைச் செல்லாது என்கிறார்கள். இதற்குப் பெயர் ஜனநாயகமா?

பதில்: ஆமாம், ஜனநாயகம்தான். ஓட்டுப் போட்டு ஒரு கட்சிக்குச் சில வருஷ ஆட்சியைத் தருகிறீர்கள். எதிர்த்துப் பேசுகிறவரை உள்ளே தள்ளவும், அடுத்த தேர்தலின் விதிகளை வளைக்கவும் சேர்த்தா உரிமை கொடுத்தீர்கள்? எது வரை போகலாம் என்பது அரசியல் சாசனத்தில் இருக்கிறது. எல்லை தாண்டினால் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அவருடைய பதவி தாண்டியவர் கையிலேயே இருந்தால் வாய் திறப்பாரா?

போலந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அரசியல் சாசனத் தீர்ப்பாயத்தில் 15 நீதிபதிகள். 2015-இல் ஆட்சி மாறியது. பழைய ஆளுங்கட்சியும் யோக்கியமாக நடக்கவில்லை. போகிற போக்கில் ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது, அதில் இரண்டு இடம் அடுத்த நாடாளுமன்றத்துக்கு உரியது. வந்தவர்கள் ஐந்து பேரையுமே ஒதுக்கிவிட்டுத் தங்கள் ஆட்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய ஐந்தில் மூன்று பேரின் தேர்வு செல்லும் என்று தீர்ப்பாயம் சொல்லியும், அவர்களுக்கு அதிபர் பதவிப்பிரமாணம் செய்து வைக்கவில்லை.

அப்புறம் டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. முக்கிய வழக்கென்றால் குறைந்தது 13 நீதிபதிகள் உட்கார வேண்டும், மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், வழக்குகளை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் தப்பே தெரியாது. ஆனால் அந்த மூன்று இடத் தகராறால், வழக்கு விசாரிக்கத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தது 12 பேர்! 2016 மார்ச்சில் அந்த 12 பேரும் அமர்ந்து, அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அரசிதழில் வந்தால்தான் தீர்ப்பு அமலுக்கு வரும்; அரசு அதை அச்சிட மறுத்துவிட்டது. ஒரு நீதிபதியையும் கைது செய்யவில்லை. அச்சு இயந்திரத்தை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

ஹங்கேரியில் இன்னும் சுலபமான வழி. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62-க்கு இறக்கினார்கள். மூத்தவர்கள் கூட்டமாக வெளியேற வேண்டியதாயிற்று. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது.

ஜெர்மனிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துப் பயந்தார்கள், நியாயமான பயம். அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றத்தில் 16 பேர், 12 வருஷப் பதவி, மறுபடி தேர்வு கிடையாது. இந்த விதிகளைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற முடியாதபடி 2024 டிசம்பரில் அரசியல் சாசனத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள்.

நீதிபதிகள் தப்பு செய்வதில்லையா? செய்கிறார்கள். ஆட்சியாளரின் முகம் பார்த்து எழுதிய தீர்ப்புகளும் உண்டு. அவற்றைக் கடுமையாகவே விமர்சியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் தீர்ப்பு தப்பென்று வாதாடுவது வேறு, தீர்ப்பு சொல்கிறவரை மாற்றுவது வேறு. உங்களுக்குப் பிடிக்காத கட்சி ஜெயித்து வந்த அன்றைக்கும் இதே கேள்வியை அனுப்புவீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

போலந்தில் 2023-இல் மறுபடி ஆட்சி மாறியது. தீர்ப்பாயமே முறையாக அமையவில்லை என்று சொல்லி, 2024-இலிருந்து புதிய அரசும் அதன் தீர்ப்புகளை அரசிதழில் போடவில்லை. அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தில் வழக்காடி ஜெயித்த சாதாரண மனிதருக்கு, கையில் இருப்பது தீர்ப்பா வெறும் காகிதமா என்று சொல்ல ஆளில்லை.