மடி வீக்கம் வடிந்துவிட்டது, பால் ஏன் இன்னும் திரிகிறது?

கேள்வி: திருவட்டார் பக்கம் எங்கள் வீடு. இரண்டு பசு நிற்கிறது. ஜெர்சி கலப்புப் பசு கன்று ஈன்று மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் பின்பக்க இடது காம்புக்கு மேலே மடி கல்லாக வீங்கி, பால் கட்டி கட்டியாக வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஊசியை இரண்டு நாள் போட்டதும் வீக்கம் வடிந்தது, நிறுத்திவிட்டோம். இப்போது அதே காம்பில் மறுபடியும் பால் திரிந்து வருகிறது. மாமியார் கண்ணேறு என்கிறார். இந்தப் பாலை நன்றாகக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கன்றை ஊட்ட விடலாமா? காம்பு போய்விடுமா?

பதில்: முதலில் பிள்ளைகள் விஷயம். கொடுக்காதீர்கள், அந்தக் காம்புப் பாலும் வேண்டாம், ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் மற்ற மூன்று காம்புப் பாலும் வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், அது சரிதான். ஆனால் உங்கள் பசுவுக்கு வந்திருக்கிற இந்த மடிநோயின் கிருமிகளில் ஒரு வகை பாலில் விட்டுவைக்கிற நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது, ஊசி மருந்தின் மிச்சமும் போகாது. மருந்துப் புட்டியின் மேலேயே கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலைக் கழிக்க வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் மூன்று நாளுக்குக் குறையாது. பால் சொசைட்டிக்கும் அதுவரை ஊற்றக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கும் ஆகாதுதானே. கன்றையும் அந்தக் காம்பில் விடாதீர்கள், கன்றுக்கு வயிற்றுப்போக்கு வரும், அதே வாயோடு அடுத்த காம்பைப் பிடித்தால் நோய் அங்கேயும் ஏறும்.

சரி, ஏன் திரும்ப வந்தது? மடிக்குள்ளே நாலு அறை, ஒன்றுக்கொன்று உள்ளே வழி கிடையாது, அதனால்தான் ஒரு காம்பு கெட்டாலும் மற்ற மூன்றும் நல்ல பால் தருகின்றன. கிருமி காம்புத் துளை வழியாக மேலே ஏறி, பால் சுரக்கும் திசுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நாள் ஊசியில் மேலோட்டமாக இருந்தவை சாகும், வீக்கம் வடியும், வலி குறையும், பசுவும் தீவனம் எடுக்கும். உள்ளே ஒளிந்தவை சாகாது. அவை மெல்லப் பெருகி வரும்போது, முன்பு பலித்த அதே மருந்துக்குக் கட்டுப்படாமல் வருவதும் உண்டு. வீக்கம் வடிந்தது வேறு, நோய் போனது வேறு. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் மூன்றாம் நாள் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் மருத்துவர் பார்க்காமல், என்ன மருந்து என்றே தெரியாமல் போட்ட ஊசி. பசுவுக்குக் கண்ணேறு கழிப்பதில் எனக்குத் தகராறு இல்லை, மாமியார் மனசு நிம்மதிக்குக் கழிக்கட்டும், ஆனால் அதற்காக ஒரு வேளைகூட மருத்துவம் தள்ளிப்போகக் கூடாது.

இந்த முறை ஊசி போடும் முன்னால் அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்லி அந்தக் காம்புப் பாலில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்துச் சொல்வார்கள். திரும்பி வந்த நோய்க்கு இது ரொம்ப முக்கியம். போக முடியவில்லை என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். மருத்துவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாளும் போட வேண்டும், காம்புக்குள் ஏற்றும் குழாய் மருந்து தந்தால் அந்தக் காம்பை முழுக்கக் கறந்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகே ஏற்ற வேண்டும், துடைக்காமல் ஏற்றினால் மருந்தோடு புதுக் கிருமியையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். இன்னொன்று, கடையில் வலிக்கு என்று டைக்ளோஃபினாக் தந்தால் வாங்காதீர்கள். 2006-லேயே மாட்டுக்குத் தடை செய்த மருந்து அது, அந்த மாட்டின் சடலத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகின்றன. வலிக்கு மெலாக்சிகம் இருக்கிறது, மருத்துவர் எழுதித் தருவார்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பாதி சரி. மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் போட்டால் சுண்ணாம்பு மடித்தோலைப் புண்ணாக்கிவிடும், அதில் சோற்றுக்கற்றாழை சேர வேண்டும். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று விழுதாக வரும். ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி முழுக்கக் கறந்துவிட்டு மடி முழுவதும் பூச வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். இரண்டு தடவை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். இதை ஊசிக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட காம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒட்டக் கறந்து கழியுங்கள், கிருமியும் சீழும் உள்ளே தேங்காமல் வெளியே வருவதே பாதி வைத்தியம். கறந்ததைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள், ஒரு டப்பாவில் எடுத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் குழியில் கொட்டுங்கள்.

காம்பு போய்விடுமா என்று கேட்டீர்கள். பால் திரிந்து வருவது மட்டும்தான் என்றால், இப்போதே முழு மருத்துவம் செய்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப்போட்டால் உள்ளே திசு இறுகி, கை வைத்தால் கட்டியாக அகப்படும், அந்த அறை பிறகு சுரக்காது. ஆனால் பசு தீவனம் எடுக்காமல், காய்ச்சலோடு, தண்ணீராகவோ ரத்தமாகவோ பால் வந்து, மடி சூடு போய்ச் சில்லிட்டு நீலம் பாய்ந்தால் அது வேறு கதை. அப்போது காம்பைப் பற்றி யோசிக்க நேரமில்லை, பசுவின் உயிருக்கே ஆபத்து, ராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி வராமல் பார்ப்பது. நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, ரப்பர் தோட்டத்துக்குள் தொழுவம் இருந்தால் வெயிலும் சரியாக விழாது, தரை காய்வதே இல்லை. கறந்து முடித்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பசு சாணி ஈரத்தில் படுத்தால் கிருமிக்குக் கதவு திறந்து விட்ட மாதிரிதான். அதனால் கறந்த உடனே புல்லோ பிண்ணாக்கோ முன்னால் போடுங்கள், தின்றுகொண்டு நிற்கும். கறந்ததும் காம்பு நுனியைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள், மருத்துவர் எப்படிக் கலப்பது என்று காட்டுவார், செலவு ஒன்றும் பெரிதில்லை.

கறக்கிற கையைப் பாருங்கள். உங்கள் பகுதியில் பல வீடுகளில் விடிகாலை ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவரே மாட்டையும் கறக்கிறார், விரலிடுக்கில் ரப்பர் பால் ஒட்டியிருக்கும், ஷீட் அடிக்கிற ஆசிட் கையிலே இருக்கும். அது பட்டால் காம்புத்தோல் வெடிக்கும், வெடிப்பில்தான் கிருமி குடியேறும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம் மடியைத் தொட வேண்டும். கட்டைவிரலை மடக்கி நெரித்துக் கறக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், காம்பு உள்ளே நசுங்கும், முழுக் கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. நோயில்லாத பசுவை முதலில், இந்தப் பசுவைக் கடைசியில், அதிலும் கெட்ட காம்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் கறங்கள். கோமாரித் தடுப்பூசியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறவிடாதீர்கள், கோமாரியில் காம்பில் வரும் கொப்புளமும் மடிநோய்க்கு வழி.

தினமும் கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். மடி வீங்குவதற்கு முன்பே பாலில் சின்னத் துகள் தெரியும். துகளும் தெரியாமல் பால் மட்டும் குறைகிற மறைமுக மடிநோயும் இருக்கிறது, உங்கள் இரண்டாவது பசுவுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிச் சிரட்டையில் எடுத்து, அதே அளவு கரைசலை விட்டு ஆட்டிப் பாருங்கள். நல்ல பால் அப்படியே ஓடும், கெட்ட பால் கொழகொழவென்று திரளும். திரண்டால் அந்தக் காம்பையும் இதே கையோடு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்னால் பால் வற்ற வைக்கும்போது நாலு காம்புக்கும் வற்றுக்கால மருந்து ஏற்ற வேண்டும், இப்போதே அதற்கும் தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.