ஸ்பிதியில் நாலு இரவு: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

இமாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய்ப் புத்த மடங்களைப் பார்க்க வேண்டும் என்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே போய் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று. லீவு குறைவு என்றால் தாபோ, தங்கர், கீ என்று மூன்று மடம் போதும். ஒரே நாளில் ஏழெட்டு இடத்தைக் காரிலிருந்து இறங்கி ஏறிப் பார்க்கும் பயணத்துக்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

காரைக்குடியிலிருந்து போக வர எத்தனை நாள் ஆகும் அண்ணே? மணாலி வழியா போனா சீக்கிரம்ங்கிறாங்களே?

வீட்டிலிருந்து கிளம்பி வீடு வந்து சேரப் பதினொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதில் பள்ளத்தாக்குக்குள் நாலு இரவு. விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர். அன்று இரவே சண்டிகருக்கோ டெல்லிக்கோ விமானம். சண்டிகரிலிருந்து கார்: முதல் இரவு ராம்பூர், இரண்டாவது கல்பா, மூன்றாவது தாபோ. தாபோவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, தங்கர் பார்த்துக்கொண்டு, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்குப் போய் அங்கே இரண்டு இரவு. கீ மடம் காஸாவுக்குப் பக்கம்தான். பிறகு வந்த வழியே திரும்பிவிடலாம்.

மணாலி வழி தூரம் குறைவு என்பது உண்மை. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏறும் வேலையும் இல்லை. ஆனால் மணாலி 2,000 மீட்டர் உயரம். அங்கே தூங்கி எழுந்து, அன்றைக்கே சுமார் 4,550 மீட்டர் உயர குன்சும் கணவாயைத் தாண்டி, 3,650 மீட்டரில் இருக்கும் காஸாவில் போய்ப் படுப்பீர்கள். கடல்மட்டத்தை ஒட்டி வாழும் நம் உடம்புக்கு அது ஒரேயடியாக அதிகம். நான் மேலே சொன்ன கின்னௌர் மாவட்ட வழியில் ராம்பூர் 1,000 மீட்டர், கல்பா 2,950, தாபோ 3,250க்கு மேல், அப்புறம்தான் காஸா. படிப்படியாக ஏறுகிறது. குன்சும் பாதை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும், ஜூனில்தான் திறப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்பச்சிக்கு 68 வயசு. பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க. கூட்டிட்டுப் போகலாமா? (தேவகோட்டையிலிருந்து ஒரு மகள்)

அப்பச்சியைப் பார்க்கிற டாக்டரிடம், நாலு இரவு 3,000 மீட்டருக்கு மேல் தங்கப் போகிறோம் என்று உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ‘மலைக்குப் போறோம்’ என்றால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொண்டு சரி என்றுவிடுவார். கொடைக்கானல் 2,100 மீட்டர்தான்.

அவர் சரி என்ற பிறகும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உயர நோய் வயதைப் பார்த்து வருவதில்லை, இருபது வயதுப் பையனையும் படுக்க வைக்கும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இவைதான் தொடக்கம். அப்படி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்குவதுதான் மருந்து. அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலரும் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பயணத்தில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மனசு கேட்காமல் அப்பச்சியை எல்லா இடத்துக்கும் இழுக்காதீர்கள். 4,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கீ மடத்துக்கு நீங்கள் போய் வாருங்கள், அவர் காஸாவில் ஓய்வெடுக்கட்டும்.

தாபோவுல ரெண்டு நாள் என்னதான் பாக்குறது? படத்துல பாத்தா மண் குடிசை மாதிரி இருக்கு. (புதுவயல்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வெளியே பார்த்தால் மண்சுவர்தான், பச்சை மண்கல்லால் கட்டியது. அந்த மடத்தைக் கட்டத் தொடங்கிய ஆண்டு 996. அப்போது தஞ்சாவூரில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்து பதினொரு வருஷம். பெரிய கோயில் முடிந்தது 1010இல். இரண்டும் ஒரே தலைமுறையின் வேலை.

உள்ளே பெரிய மண்டபம் இருட்டாக இருக்கும். கண் பழகப் பத்து நிமிஷம் ஆகும். பழகிய பிறகு பார்த்தால், நடுவில் நாலு திசையும் பார்த்தபடி வைரோசன புத்தர். சுற்றுச்சுவரில் ஆள் உயரத்துக்குச் சுதைச் சிற்பங்கள், முப்பதுக்கும் மேலே. சுவரிலிருந்து வெளியே வந்து காற்றில் உட்கார்ந்திருப்பது போல அமைத்திருக்கிறார்கள். அந்த மண்டபமே ஒரு மண்டலம், அதாவது புத்தரை நடுவில் வைத்துத் தெய்வங்களைச் சுற்றிலும் அமைக்கும் புனித வரைபடம். நீங்கள் அதற்குள் நிற்கிறீர்கள்.

சிற்பங்களுக்குக் கீழே ஓவியம் ஓடுகிறது. ஒரு பக்கம் புத்தர் சரிதம், மறு பக்கம் சுதனன் கதை. நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது இந்தச் சுதனன் கதையைத்தான். கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் கதை அது. சுதனன் ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை. ஞானம் தேடித் தெற்கு நோக்கி நடக்கிறான். ஐம்பதுக்கும் மேற்பட்ட குருமார்களைப் பார்க்கிறான். அதில் துறவிகள் உண்டு, அரசன் உண்டு, வியாபாரிகள் உண்டு, பெண்கள் உண்டு, கப்பலோட்டி உண்டு. மேகன் என்று ஒரு திராவிடரும் உண்டு. தெற்கே வணிகம் செய்யும் குடும்பங்களிலிருந்து போகிற நாம், ஒரு வணிகர் மகன் தெற்கே வந்து ஒரு திராவிடரிடம் பாடம் கேட்ட கதையை இமயமலைச் சுவரில் பார்க்கிறோம். அதற்கு ஒரு காலைப் பொழுதாவது கொடுக்க வேண்டாமா? முதல் நாள் சும்மா பாருங்கள். கதையை அன்றிரவு படித்துக்கொண்டு மறுநாள் மறுபடி போங்கள். அதனால்தான் இரண்டு இரவு.

டார்ச் கொண்டுபோங்கள், சுவருக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. மடமே விடுதி நடத்துகிறது, எளிமையான அறைகள்.

எங்க ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டுவந்த சலவைக்கல் புத்தர் வீட்டுல இருக்கு. அதே புத்த மதம்தானா இது? (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

வேர் ஒன்று, கிளை வேறு ஆச்சி. பர்மாவில் இருப்பது தேரவாதம். அங்கே சன்னிதியில் பெரும்பாலும் புத்தர் ஒருவரைத்தான் பார்ப்பீர்கள். ஸ்பிதியில் இருப்பது திபெத்திய வஜ்ரயானம். புத்தரோடு அவலோகிதேசுவரர், தாரா தேவி, பத்மசம்பவர் என்று பலர். வாசலில் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாகக் காவல் தெய்வங்கள் நிற்கும். கண்மாய்க் கரை முனியய்யாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர்களைக் கண்டு பயமே வராது.

புத்த மதம் நமக்கும் தூரம் இல்லை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தது செப்பேட்டிலேயே இருக்கிறது.

அங்க பழைய தங்கா ஓவியம், வெண்கலச் சிலை விக்கிறாங்களாமே? ஒண்ணு வாங்கலாம்னு ஆசை.

தங்கா என்பது துணியில் வரையும் புத்த சமய ஓவியம். புதிதாக வரைந்த தங்காவை வாங்குங்கள், வரைந்தவருக்குக் காசு போய்ச் சேரும். ‘பழசு’ என்று ரகசியமாகக் காட்டினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையும் ஓவியமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். சட்டத்தை விடுங்கள். இடித்த வீட்டுத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்பதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நாம். இன்னொரு ஊர்க்காரனுக்கு அதைச் செய்யக் கூடாது. லாங்சா கிராமத்தில் பிள்ளைகள் நீட்டும் கல்லான கடல் உயிரினங்களுக்கும் இதே பதில்தான். மந்திரம் செதுக்கிய கற்களை எடுக்கவே கூடாது.

மடத்துக்குள்ள எப்படி நடந்துக்கணும்?

செருப்பும் தொப்பியும் வெளியே. வலமாகச் சுற்றுங்கள், பிரார்த்தனை உருளைகளையும் வலமாகவே சுழற்றுங்கள். சன்னிதியைப் பார்த்துக் கால் நீட்டி உட்காராதீர்கள். பூஜை நடந்தால் ஓரமாக உட்கார்ந்து முடியும் வரை இருங்கள். துறவிப் பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

சாப்பாடு? எங்க வீட்டுல ரெண்டு பேர் சுத்த சைவம். (கோட்டையூர்)

சைவம் தாராளமாகக் கிடைக்கும். சோறு, பருப்பு, ராஜ்மா, உருளைக்கிழங்கு, காய்கறி துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ. ஸ்பிதிப் பச்சைப் பட்டாணி அவ்வளவு ருசி. வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்கும். தேநீர் என்று நினைக்காமல் ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிடித்துவிடும். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேக ரொம்ப நேரமாகும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் சீப்புச் சீடை கொண்டுபோங்கள்.

ஸ்கூல் லீவுல போகணும். மே மாசமா, காலாண்டு லீவா?

காலாண்டு லீவுதான். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, அங்கே மழை குறைவு. ஆனால் போகிற வழியில் கின்னௌரில் ஜூலை, ஆகஸ்டில் மண் சரியும். செப்டம்பர் கடைசியில் பாதை தெளிந்துவிடும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். இரவில் நல்ல குளிர். கம்பளி உள்ளாடை வேண்டும்.

நாலு நாள்தான் லீவு. வேற வழி இருக்கா?

இருக்கிறது, ஸ்பிதி வேண்டாம். கர்நாடகத்தில் குஷால்நகர் பக்கம் பைலகுப்பேக்குப் போங்கள். 1960களில் திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். நம்ட்ரோலிங் மடத்தில் மூன்று பெரிய பொன்னிறச் சிலைகளும் நூற்றுக்கணக்கான துறவிகளும் இருக்கிறார்கள். மலையும் பழைய ஓவியமும் கிடைக்காது. ஆனால் வழிபாட்டின் ஓசையை அங்கே முழுசாகக் கேட்கலாம். பிறகு ஸ்பிதிக்குப் போகும்போது எதைப் பார்க்கிறோம் என்று புரியும்.

சொந்தக்காரங்க இருபது பேர் சேர்ந்து வேன்ல போகலாம்னு பேச்சு.

நாலைந்து பேராகப் பிரிந்து போங்கள். தங்கர் பழைய மடம் செங்குத்தான மண் முகட்டின் மேல் நிற்கிறது. 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்த கட்டடம். உள்ளே ஒரே சமயத்தில் நிறையப் பேரை விடுவதில்லை. இருபது பேர் போனால் பதினைந்து பேர் வெயிலில் நிற்பீர்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காஸாவைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. தேதி முடிவானதும் எழுதுங்கள், எந்த நாளில் எங்கே தங்குவது என்று சேர்ந்து பார்க்கலாம்.