விவசாயத் திட்டங்களில் விவசாயிகள் ஏன் ஆர்வமாகக் கலந்துகொள்வதில்லை?

கேள்வி கேட்டவர் வேளாண்மை படிக்கிற மாணவராம். "இத்தனை திட்டம், மானியம், இலவசப் பயிற்சி எல்லாம் இருந்தும் விவசாயிகளின் பங்கேற்பு குறைவாகவே இருக்கிறதே, விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறார்.

விழிப்புணர்வு வேண்டிய அளவு இருக்கிறது தம்பி. அரசின் உழவன் செயலி எங்கள் தெருவில் பாதி போனில் இருக்கிறது. எந்த மானியம் எப்போது வரும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். காரணம் வேறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில் ஒரு ஊரில் பதினெட்டு வருஷமாக வயல் பார்க்கிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். மாமனார் பேரில் பதினைந்து மரக்கால் விதைப்பாடு, அது போக கோயில் நிலம் பத்து மரக்கால் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு. (எங்கள் பக்கம் நிலத்தை இன்னும் கோட்டை, மரக்கால் கணக்கில்தான் சொல்வோம். 21 மரக்கால் ஒரு கோட்டை. ஏக்கர், சென்ட் எல்லாம் பத்திர ஆபீசுக்கு.)

முதன்முதலாக ஒரு பயிற்சிக்குப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊர் சமுதாயக் கூடத்தில் வைத்தார்கள். வாசலிலேயே ஒரு பெரிய நோட்டு: வரிசை எண், பெயர், சர்வே எண், கைபேசி எண், கையெழுத்து. நான் என் பேரை எழுதி, சர்வே எண்ணையும் எழுதினேன். உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "பட்டா யார் பேர்லம்மா இருக்கு?" என்றார். மாமனார் பேரில் என்றேன். "அவுங்க வரலையா?"

"அவுக செத்து ஆறு வருஷம் ஆச்சு சார்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, பாவம், அவருக்கு மேலே ஒருவர் கணக்குக் கேட்பார். "சரிம்மா, பட்டாவுல இருக்குற பேரையே எழுதிருங்க, பிரச்சினை வராது" என்றார். அன்றிலிருந்து என் மாமனார் மண்வளப் பயிற்சி, பூச்சிவிரட்டி தயாரிக்கும் பயிற்சி, சொட்டுநீர் விளக்கக் கூட்டம் என்று மூன்றில் கலந்துகொண்டிருக்கிறார். உயிரோடு இருந்த காலத்தில் ஒன்றுக்கும் போனதில்லை. பட்டாவை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். கொழுந்தனார் இருவர், நாத்தனார் ஒருவர், எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட ஊருக்கு வர வேண்டும். அது தனிக்கதை.

நான் சொல்ல வருவது இதுதான். எங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் கையெழுத்து. என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்ற பேச்சு அதற்கு முன்பே எங்கோ முடிந்திருக்கும். அந்தக் கையெழுத்துகூட வயலில் நிற்கிறவருடையதாக இருக்க வேண்டியதில்லை, பட்டாவில் இருப்பவர் பேர் போதும். பாட்டத்துக்குப் பயிர் வைக்கிறவர்கள், ஆண்பிள்ளை வெளியூரில் இருக்கும் வீட்டுப் பெண்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் எங்கள் ஊர் வயலில் மிஞ்சுவது கொக்குதான்.

நேரம் இன்னொரு தொல்லை. நான் போன பயிற்சிகளில் பாதிக்கு மேல் மாசி மாதத்தில் நடந்தவை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறதே, அதற்குள் செலவு எழுதியாக வேண்டும். எங்களுக்கு மாசியில் பிசான (ஐப்பசி, கார்த்திகையில் நடும் இரண்டாம் போக) அறுவடை. அறுப்பு மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அது இன்று வருமா நாளை வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் யார் போய் நாற்காலியில் உட்காருவார்? ஒரு தடவை விதை நேர்த்திப் பயிற்சி வைத்தார்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்து கலக்க வேண்டும் என்று அருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான், நான் இப்போதும் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்கள் எல்லோருடைய நாற்றங்காலிலும் நாற்று ஒரு சாண் உயரம் நின்றது. பின்வரிசையில் இருந்த மதினி ஒருத்தி, "இப்பம் நாத்தைப் புடுங்கி மருந்துல முக்கி மறுபடியும் விதையாக்கணுமோ?" என்று கேட்டுவிட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த பயிற்சிக்குக் கூட்டம் பாதியாகிவிட்டது.

சரி, எல்லாமே இப்படித்தானா என்றால் இல்லை. உங்கள் படிப்புக்கு உதவக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2003-04 பிசானத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயல்களிலேயே ஒற்றை நாற்று நடவை (இளநாற்றை ஒவ்வொன்றாக நட்டு, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறை) செய்து பார்த்தது. பண்ணையில் செய்து காட்டிவிட்டு எங்களைச் செய்யச் சொல்லவில்லை, எங்கள் மண்ணில், பக்கத்திலேயே பழைய முறை நடவையும் வைத்து ஒப்பிட்டார்கள். ஹெக்டேருக்குச் சராசரி ஒன்றரை டன் கூடுதல் விளைச்சல். 5.7 டன் கிடைத்த இடத்தில் 7.2 டன். இதைவிட நல்ல சேதி ஒரு விவசாயிக்கு என்ன வேண்டும்? அப்படியானால் இன்றைக்குக் கன்னடியன் கால் முழுக்க ஒற்றை நாற்றாகத்தானே இருக்க வேண்டும்? வந்து பாருங்கள், தேட வேண்டியிருக்கும்.

இதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று ஒரு பேச்சாளர் மேடையிலேயே சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. காரணத்தை வரப்பில் நின்று பார்த்தால் தெரியும். எங்கள் பக்கம் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும். மேல்வயல்காரர் வாமடையைத் திறந்தால் என் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போக வேண்டும். காயவிட்டுப் பாய்ச்சு என்கிறார்கள். என் வயலை மட்டும் நான் எப்படிக் காயவிடுவது? அப்புறம் மழை. பிசான நடவு ஐப்பசி, கார்த்திகையில். 14 நாள் நாற்று விரல் நீளம்தான் இருக்கும். நட்ட மூன்றாம் நாள் அடைமழை பிடித்தால் தண்ணீருக்குள் போய்விடும், வடிக்க வழி இருக்காது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம், அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நடவு நடுகிறவர்கள் பெண்கள். கொத்தாகப் பேசித்தான் வருவார்கள், ஒரு வயலை முடித்தால் இவ்வளவு என்று. கயிறு பிடித்து, அடையாளம் போட்டு, ஒவ்வொரு நாற்றாக மண்ணோடு எடுத்து வைத்தால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆகும். கூலி அதே கூலி. பயிற்சி எல்லாம் வயல்காரருக்கு. நடுகிற கையை யாரும் கூப்பிடவில்லை. நான் முதல் தடவை ஒற்றை நாற்று முயன்றபோது எங்கள் நடவு ஆட்களுக்குத் தலைமை பார்க்கும் சித்தி வயலில் இறங்கி நாற்றைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாத்தா, மூக்குத்தியா?" என்றாள். அரைநாள் நட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் கை தன்பாட்டில் மூன்று நான்காக வைக்க ஆரம்பித்துவிட்டது. நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஆனாலும் அந்தத் திட்டம் தோற்றது என்று சொல்ல மாட்டேன். முழுசாக நிற்கவில்லை, துண்டு துண்டாக நின்றது. விதை அளவைக் குறைத்தோம். முன்பெல்லாம் நாற்று முற்றிப் போகும்வரை விட்டு வைப்போம், இப்போது சீக்கிரம் பறிக்கிறோம். கொஞ்சம் இடைவெளி விட்டு நடுகிறோம். இதெல்லாம் அந்த நூறு வயல்களை வரப்பில் நின்று பார்த்தவர்கள் தாங்களாக எடுத்துக்கொண்டது. உங்கள் கணக்கெடுப்பில் இதற்கு "பகுதி ஏற்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள், உங்கள் ஆய்வே அங்கேதான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் அம்பை 16. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ரகம். குட்டையான, பருத்த அரிசி, இட்லிக்கு எங்கள் ஊரில் இன்றும் அதைத்தான் கேட்பார்கள். நான் வாக்கப்பட்டு வந்தபோதே வீடுவீடாக இருந்தது. பயிற்சிக்குப் போய் வாங்கி வந்ததாக ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. ஒருத்தர் வயலில் நன்றாக விளைந்தால் அடுத்த போகத்துக்கு இரண்டு மரக்கால் விதை கைமாறும், அவ்வளவுதான்.

குழு அமைக்கிற திட்டங்களைப் பற்றியும் சொல்கிறேன். கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18-ல் வந்தது. இருபது பேர் ஒரு ஆர்வலர் குழு, ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் ஒரு உற்பத்தியாளர் குழு, அந்த நூறு பேருக்கு 5 லட்சம் ரூபாய், பண்ணைக் கருவிகள் வாங்க. எண்ணம் நல்ல எண்ணம். எங்கள் கூட்டத்தில் பெண்கள் நாங்கள் கேட்டது தார்ப்பாய். கார் (ஜூனில் தொடங்கும் முதல் போகம்) அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும், மழையும் கூடவே வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையைத் தொட மாட்டார்கள். பாதி நெல்லை ரோட்டில்தான் காயப்போடுகிறோம். நல்ல கனமான தார்ப்பாய் ஐம்பது இருந்தால் ஊரே பிழைக்கும். "தார்ப்பாய் கருவி ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டவேட்டர் வாங்கினோம். தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, இந்தத் தடவை என் பேரிலேயே. வண்டி இப்போது ஒருவர் வீட்டுத் தொழுவில் நிற்கிறது. வாடகை வெளியில் கிடைப்பதைவிட நூறு ரூபாய் குறைவு, ஆனால் அவர் வயல் முடிந்த பிறகுதான் நமக்கு வரும்.

பயிர்க் காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசான நெல்லுக்குக் காப்புத் தொகையில் 1.5 சதவீதம் கட்டுகிறோம். என் வயல் மூழ்கினால் எனக்குப் பணம் என்றுதான் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். கணக்கு பெரும்பாலும் ஊருக்கு மொத்தமாக. குலுக்கல் போல் சில சர்வே எண்களை எடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரி பழைய வருஷங்களின் சராசரியைவிடக் குறைந்தால்தான் பணம். ஒரு வருஷம் தற்செயலாக அதை நேரில் பார்த்தேன். தலைமடைப் பக்கம் நல்ல மேட்டு வயல், கதிர் தலைசாய்ந்து நின்றது. கடைமடையில் என் பாட்ட வயலில் அன்றைக்கும் முழங்கால் தண்ணீர். விதிப்படி அவர்கள் செய்தது சரிதான், சீட்டில் அந்த நம்பர் விழுந்திருக்கிறது. ஆனால் அறுவடைப் பரிசோதனை என்று, எங்கே என்று ஊருக்குள் தமுக்கு அடிக்க வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போட்டிருந்தால், பத்துப் பேர் நின்று பார்த்திருப்போம். பணம் வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்கும். பத்துப் பேர் அடுத்த வருஷம் கட்டவில்லை.

இப்படிப்பட்ட ஊர்தான் ராத்திரி இரண்டு மணிக்கு மடையில் முழுசாகக் கூடும். கார் போகத்துக்குத் தண்ணீர் குறைவாகத் திறக்கும் வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று ஊரே உட்கார்ந்து பேசும். மரக்காலுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் கால்வாயைத் தூர்வாருவோம். மடை பார்க்கிற தாத்தாவுக்கு அறுப்பில் நெல் அளப்போம், ஒருவரும் பாக்கி வைத்ததில்லை. பட்டா யார் பேரில் என்று அங்கே கேட்பதில்லை, வயலில் பயிர் யாருடையது என்றுதான் கேட்பார்கள். நான் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போன முதல் ராத்திரி, "ஏளா, பொம்பளை ஏன் வந்தே?" என்று ஒரு மாமா சத்தம் போட்டார். தாத்தா என் மாமனார் பேரைச் சொல்லாமல் என் பேரைச் சொல்லி, "அது பயிர்லா, அதுதான் வரும்" என்றார். ரொம்ப இனிப்பாகச் சொல்கிறேனோ என்னவோ. அங்கேயும் சண்டை உண்டு, மண்வெட்டிப் பிடி தலையில் விழுந்த கதை உண்டு, கடைமடைக்காரன் வயிறெரிவதும் உண்டு. ஆனால் கூப்பிடாமல் வருவோம்.

கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், பசுமாடு போன வழியைப் பார்த்துப் பின்னாலேயே வெட்டினார்கள் என்று. நிஜமோ பொய்யோ, வெட்டுவதற்கு முன்னால் மாட்டையாவது கேட்டிருக்கிறார்கள்!

குடிமராமத்து (ஊர்க்காரர்களே கால்வாய், குளத்தைச் செப்பனிடும் வழக்கம்) என்ற பழைய பேரை 2017-ல் அரசே திட்டத்துக்கு வைத்தது, பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு என்றும் வைத்தது. பேரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீங்கள் ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு வர வேண்டாம். ஜூனில் தண்ணீர் திறந்தால் கார் நடவு அந்த மாதக் கடைசியில் தொடங்கும். காலை ஏழரைக்கு வயலுக்கு வந்துவிடுங்கள், ஆனால் உடனே கேள்வி கேட்காதீர்கள், நடவு ஓட்டத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பதினோரு மணிக்குக் கஞ்சி குடிக்க வரப்பில் ஏறுவார்கள். அப்போது சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பேர் எழுதும்போது மட்டும் அவள் பேரையே எழுதுங்கள், சர்வே எண் கேட்காதீர்கள். அவளுக்கு நிலம் கிடையாது.