அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தேடுங்கள்

வாசகர் கேள்வி:

என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறியாதவர். தோ பாயோவில் உள்ள நாலறை வீட்டை விற்றுவிட்டு, 78 வயதான அம்மாவைப் பொங்கோலில் எங்களோடு வைத்துக்கொள்ளப் போகிறோம். சாவியை ஒப்படைக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. வீட்டில் 14 பெட்டிக் காகிதங்கள், பிஸ்கட் டின்களில் 40 கேசட்டுகள், அப்பா தமிழில் தட்டச்சு செய்துவைத்த 60 ஃப்ளாப்பிகள், ஓடாத ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ரெடிஃப்யூஷன் வானொலிப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. “ஸ்கேன் செய்துவிட்டு அத்தனையையும் எறி” என்கிறான் தம்பி. மூன்று மாதமாகக் கைபேசியில் 900 பக்கங்களைப் படமெடுத்துவிட்டேன். ஆனால் எனக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: 1979இல் அப்பாயி ஊரிலிருந்து பேசி அனுப்பிய கேசட், சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள நிலத்தைப் பற்றித் தாத்தா எழுதிய கடிதம். கணினியில் ‘சிதம்பரம்’ என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை. அம்மாவோ எந்தச் சாமானைத் தொட்டாலும் அழுகிறார். நான் வீண்வேலை பார்க்கிறேனா?

— தோ பாயோ மகள்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இன்றோடு படமெடுப்பதை நிறுத்துங்கள். மூன்று மாத உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் இரண்டு மாதத்தை அதற்குச் செலவழித்தால், வேறு ஒன்று கைநழுவிப் போகும் என்பதால் சொல்கிறேன்.

நான் 28 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கோப்பறையில் வேலை பார்த்தவள். அங்கே அட்டவணைகள் இருந்தன, பின்னாளில் கணினியும் வந்தது. ஆனாலும் அவசரமாக ஒரு கோப்பு வேண்டுமென்றால், எல்லாரும் போய் நின்றது ஒரு பெரியவரின் மேசைக்கு முன்னால்தான். “அது வெள்ளம் வந்த வருஷம். பச்சை அட்டை போட்டிருக்கும், மூன்றாவது அலமாரியில் பாருங்கள்” என்பார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அதே அறையில் அதே கோப்புகளைத் தேட எங்களுக்கு நாள்கணக்கில் ஆனது. உங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் உங்கள் அம்மா. 14 பெட்டிகளுக்கும் அட்டவணை அவரிடம்தான் இருக்கிறது.

‘சிதம்பரம்’ ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் பார்ப்போம். கைபேசியில் நீங்கள் எடுத்தவை எல்லாம் படங்கள். எழுத்துணரி மென்பொருள் படித்து எழுத்தாக மாற்றினால் ஒழிய, படத்துக்குள் இருக்கும் சொல்லைக் கணினி பெரும்பாலும் அறியாது. அச்சடித்த தமிழை அது இப்போது நன்றாகவே படிக்கிறது. கையெழுத்துத் தமிழில், அதுவும் ஏரோகிராமின் மூலைமுடுக்கெல்லாம் நெருக்கி எழுதிய தாத்தாவின் கையெழுத்தில், திணறிப்போகும். பழைய அச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, ணை, னை, ளை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு அச்சாகின. ணா, றா, னா மூன்றும் வேறு வடிவில் சுழித்துக்கொண்டு நின்றன. அவற்றை மென்பொருள் அடிக்கடி தப்பாக வாசிக்கும்.

எழுத்தாக மாற்றிய பிறகும் தமிழைத் தேடுவதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வால் மாறிவிடும். ‘சிதம்பரம்’ என்று தேடினால் ‘சிதம்பரத்திலிருந்து’ அகப்படாது. ‘சிதம்பர’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் வரும். ‘நிலம்’ என்பதற்கு ‘நில’ போதும். ‘வீடு’ என்று கொடுத்தால் ‘வீட்டை’, ‘வீட்டில்’ எல்லாம் விட்டுப்போகும். அங்கே ‘வீட்டை’, ‘வீட்டி’ என்று தனித்தனியே தேடிப் பாருங்கள். பெயர்களில் இன்னும் கவனம் தேவை. ‘கௌரி’யைப் பலர் ‘கெளரி’ என்று தட்டுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகக் கணினிக்குள் பதிவாகிறது. ஆங்கில ஆவணங்களில் ஒரே மனிதரின் பெயர், பதிவு செய்த அதிகாரியின் காதுக்கு எட்டியபடி மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். ‘மகன்’ என்பதற்கு இங்கே தகப்பன் பெயருக்கு முன் ‘எஸ்/ஓ’ வரும், மலேசியத் தாளில் ‘ஏ/எல்’ வரும். இத்தனை வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தா கடிதத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருப்பாரா? ‘கொல்லை’ என்றோ ‘நஞ்சை’ என்றோ எழுதியிருக்கலாம். ‘கிரயம்’, ‘பட்டா’, ‘பங்கு’ என்று மட்டும் இருக்கலாம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர் சிதம்பரத்தின் பெயரையே எழுதாமல் ‘டவுனுக்குப் போய்ப் பதிந்தேன்’ என்று முடித்திருக்கலாம். அந்த வீட்டில் என்ன சொல் புழங்கியது என்பதை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால் ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் கொடுத்து, பெட்டிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து காகிதக் கட்டுகளை எடுத்துக் காட்டுங்கள். அவர் வாயில் வரும் சொல்லை வந்தபடியே எழுதுங்கள். “இது செல்லம்மா கல்யாணத்துக்கு மொய் எழுதியது” என்றால் அதையே எழுதுங்கள். ‘திருமண ஆவணம்’ என்று திருத்த வேண்டாம். நாளைக்கு நீங்கள் தேடப்போவதும் அம்மாவின் சொல்லை நினைவில் வைத்துத்தான். ஏரோகிராம்களுக்கு நாள் தெரியாவிட்டால் அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். முத்திரை அழிந்திருந்தால், கடிதம் சொல்லும் சாவையோ திருமணத்தையோ கொண்டு ஆண்டைப் பிடிக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் 1930களிலிருந்து தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. அறிவிப்புப் பக்கங்களைப் புரட்டினால் சில சமயம் நாளே கிடைத்துவிடும்.

ஏற்கெனவே எடுத்த 900 படங்களும் வீண் இல்லை. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள், பிறகு பெட்டி எண் என்று வையுங்கள். 1979-04-00-பெட்டி7 என்று பெயரிட்டால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், திருமணப் பதிவு, மத்திய சேம நிதித் தாள்கள், உயில் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை இன்றே தனிக் கோப்பில் எடுத்து உங்கள் கைப்பையில் வைத்துவிடுங்கள். அடையாள அட்டை எண் இருக்கும் எந்தத் தாளையும் ‘இலவசமாக எழுத்தாக மாற்றித் தருகிறோம்’ என்னும் முன்பின் தெரியாத இணையத்தளங்களில் ஏற்ற வேண்டாம். பளபளப்பான பழைய ஃபேக்ஸ் தாள்கள் இருந்தால் அவற்றை மட்டும் உடனே படமெடுங்கள். வெப்பத்தால் எழுத்து விழும் தாள் அது, வெளுத்துக்கொண்டே போகும்.

இப்போது கேசட்டுகள். உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் இதுதான். ஊருக்குப் போகிறவர் கையில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்தனுப்புவோம். அங்கே அதில் பேசிப் பதிந்து, திரும்பி வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு அதுதான் கடிதம். சேவல் கூவும், யாரோ தண்ணீர் இறைப்பார்கள், நடுவில் “இதில் நான் பேசுவது நிஜமாகவே அவனுக்குக் கேட்குமா?” என்று பாட்டி கேட்பார். என் பாட்டியின் குரலும் அப்படி ஒரு கேசட்டில் இருந்தது. வீடு மாறியபோது, பழைய சாமான் எடுக்க வந்தவரிடம் டேப் ரெக்கார்டரை முதலில் கொடுத்துவிட்டேன். கேசட்டை ஆண்டுக்கணக்கில் வெறுமனே பாதுகாத்தேன். பிறகு போட்டுக் கேட்க முனைந்தபோது நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம். உங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரை எறியவே கூடாது.

அது ஓடாததற்கு, மோட்டாரோடு இணைந்த ரப்பர் வார் நம் ஊர்ப் புழுக்கத்தில் இளகிப்போனது காரணமாக இருக்கக்கூடும். அப்படியானால் மாற்றிவிடலாம். சிம் லிம் பக்கம் பழைய ஒலிச்சாதனம் பழுதுபார்ப்பவர்களைத் தேடிப் பாருங்கள். முடியாவிட்டால் பழைய பொருள் விற்கும் கரோசல் இணையத்தளத்தில் ஓடும் நிலையில் உள்ள ஒன்றை வாங்குங்கள். இத்தகைய சாமான்களுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அங்கே அலைந்து திரிந்த என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு. கேசட்டைப் போடும் முன் அதன் சிறு சன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டக் கூடாது, ஓட்டினால் கருவியிலும் தொற்றி அடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனியே வைத்து, ஒலிநாடா மீட்பவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றின் பின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அப்பாயியின் குரல் அழியாது. ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டு, அதன் பின் ஒலிக்கவிடுங்கள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்குக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். இதில் குறுக்குவழி தேடாதீர்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, சிக்கிக்கொள்ளும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாப்பிகளுக்கு வருகிறேன். மூன்றரை அங்குல வட்டு ஒன்றில் 1.44 மெகாபைட்தான் பிடிக்கும். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுக்கே அது போதாது. சோனி 2011இல் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்திவிட்டாலும், யூஎஸ்பியில் செருகும் படிப்பான்கள் இன்னும் கிடைக்கின்றன. வட்டின் மூலையில் உள்ள தாழ்ப்பாளை நகர்த்தி, துளை தெரியும்படி வைத்துவிட்டுச் செருகுங்கள். ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். சம்மதித்தால் உள்ளதும் போய்விடும்.

அப்பா தட்டச்சு செய்த தமிழைத் திறந்தால் புரியாத குறியீடுகளாகத் தெரியலாம். பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை. ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் அடுக்கி வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் இந்தச் சின்னத் தீவுக்கும் பங்கு உண்டு. நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவோடு 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார், 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. அதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பழைய குறியீட்டை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் உண்டு. டேப், டாம், டிஸ்கி, பாமினி என்னும் பழைய குறியீடுகளை ஒவ்வொன்றாக முயன்றால் ஏதோ ஒன்றில் தமிழ் எழுந்து நிற்கும். எந்தக் குறியீடு என்று தெரிந்ததும் 60 வட்டுகளையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘சிதம்பர’ என்ற சொல்லை மட்டும் பழைய குறியீட்டுக்கு மாற்றி, அந்தப் புரியாத எழுத்துகளையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அப்பாவின் கோப்பு அகப்படும்.

அம்மாவின் கண்ணீரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அந்த ரெடிஃப்யூஷன் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெடிஃப்யூஷன் 1949இல் தொடங்கி 2012இல் நின்றுபோன கம்பிவழி வானொலி. வெளியிலிருந்து கம்பி வராமல் அந்தப் பெட்டி பேசாது, பழுதுபார்த்தும் பயனில்லை. ஆனால் அதை யார் எந்த மூலையில் மாட்டினார்கள், எந்த நேரத்தில் குமிழைத் திருகினார்கள், அண்டை வீட்டார் யார் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அம்மாவின் விரலுக்குத் தெரியும். பெட்டியை அவர் மடியில் வையுங்கள். அவர் திருகிக் காட்டுவதையும் பேசுவதையும் கைபேசியில் காணொளியாக எடுங்கள். அழுதால் அழட்டும், அவசரமாகச் சமாதானப்படுத்தாதீர்கள். கணவர் போய் ஓராண்டுதான் ஆகிறது, 14 பெட்டியிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. எதைப் பொங்கோலுக்குக் கொண்டுபோவது என்று அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். மூன்று சாமான் என்றால் மூன்று. புது வீட்டின் பாம் ஷெல்டரில் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில்) அவற்றை அடைத்துவிட வேண்டாம். காற்று போகாத இடத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பொங்கோல் வீட்டில் இடம் இருக்காது. அவரிடம் ஃப்ளாப்பி வேலையை ஒப்படையுங்கள். அப்பாவின் வரிகள் திரையில் தெரிந்த பிறகு அவர் எறிவதைப் பற்றிப் பேசட்டும்.

டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்து வரச் சில நாள் ஆகலாம். அதற்குக் காத்திருக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை அம்மா காப்பி குடித்து முடித்ததும், பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் வையுங்கள். முதல் நாள் ஒரே கேள்வி போதும்: “இந்த உறைமேல் இருப்பது யார் கையெழுத்து, அம்மா?” பக்கத்தில் இரண்டு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவர் சொல்வதை எழுத, மற்றொன்று தளர்ந்த நாடாவைச் சுற்ற.