பள்ளிச் சீருடை: கோபி டீச்சரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரம்தான். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோபியில் (கோபிசெட்டிபாளையத்தில்) வீட்டுக்காரரின் தையல் கடையில் கல்லாவைப் பார்க்கிறேன், ஆள் குறைந்தால் கத்தரியும் பிடிப்பேன். வகுப்பறையிலும் கடையிலும் சீருடையைப் பார்த்தவள் என்பதால், அதைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு தந்தை: இந்தச் சீருடையே வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுதானுங்களே டீச்சர்? நமக்கு எதுக்குங்க?

பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது என்பது சரிதான். 1552இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியின் நீல அங்கியைத்தான் மிகப் பழைய பள்ளிச் சீருடைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அது தருமமாகக் கொடுத்த துணி. பணக்காரப் பள்ளிகள் பெருமைக்காகச் சீருடை மாட்டிக்கொண்டது வெகுகாலம் கழித்துத்தான்.

நம் ஊருக்கு அது வந்த காரணம் வேறுங்க. காமராசர் ஆட்சியில் மதிய உணவோடு சீருடையும் பள்ளிகளுக்குள் வந்தது. எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது சட்டையில் தெரியக்கூடாது என்ற எண்ணம். அப்புறம் 1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரசே சீருடை கொடுக்கும் திட்டம் வந்தது. 2012-13 கல்வியாண்டிலிருந்து வருடத்துக்கு நான்கு செட் ஆனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் சத்துணவில் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான். "எம் பையன் வீட்டுச் சாப்பாடுதானுங்க சாப்பிடுவான்" என்று பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டு, ஜூலையில் வந்து துணி வரவில்லையே என்று கேட்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

பல்லடத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர்: அரசுச் சீருடைத் துணி நம்ம பக்கத்துத் தறியில ஓடறதுதானே. அதை யாரும் நல்லதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்களே?

நான் சொல்கிறேன். ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேட்டி சேலை ஆர்டரும் சீருடை ஆர்டரும் எவ்வளவு முக்கியம் என்று தறி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். வெளி மார்க்கெட் படுத்துக் கிடக்கும் மாதங்களில் அதுதான் தறியை ஓட வைக்கிறது. துணி நெய்து, சாயம் ஏற்றி, கடைசியில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்களின் கைக்கு வருகிறது. ஒரு செட் சீருடை பிள்ளையின் உடம்பில் ஏறுவதற்குள் எத்தனையோ வீட்டுக்குக் கூலி போய்விடுகிறது.

குறையும் உண்டு. ஆர்டர் தள்ளிப்போனால் துணி தள்ளிப்போகும், பிள்ளை ஆகஸ்ட் வரை போன வருடச் சட்டையில் வருவான். தைத்து வருவதும் ஒன்று தோளில் தொங்கும், இல்லை வயிற்றில் பிடிக்கும். ஜூன், ஜூலையில் எங்கள் கடையில் பாதி வேலை இந்தச் சட்டைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான். பெரிதாக வந்தால் கவலைப்படாதீர்கள். வெட்டிவிடாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் பிரித்துக்கொள்ளலாம்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தாய்: தனியார் பள்ளிங்க. சட்டை, பேண்ட், டை, பெல்ட், புதன்கிழமைக்கு ஹவுஸ் டீஷர்ட், அதுக்கு வெள்ளை ஷூ, எல்லாமே அவங்ககிட்டத்தான் எடுக்கோணும்ங்கறாங்க. வெளியே தெச்சா உள்ளே விட மாட்டாங்களாம். சீருடை ஏழை பணக்காரன் வித்தியாசம் பார்க்காதுன்னு சொல்றது இதைத்தானுங்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. ஈரோட்டிலிருந்து, கரூரிலிருந்து, திருப்பூரிலிருந்து மூன்று பேர்.

அம்மணி, சீருடைக்கு ஆதரவாகச் சொல்லும் எல்லாமே ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது. அந்தத் துணி எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும், எந்தத் தையல்காரரும் தைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை காலத்தில் அப்படித்தான் இருந்தது. சந்தையில் மீட்டர் கணக்கில் கிழித்துக்கொண்டு வந்து தெருமுனைக் கடையில் தைத்துக்கொள்வோம். அண்ணன் போட்டது தம்பிக்கு ஆகும். இன்றைக்குப் பள்ளியே தனக்கென்று ஒரு கட்டம் போட்ட துணியை நெய்யச் சொல்கிறது. அந்தக் கட்டம் கோவையில் துணிக்கடைகள் நிறைந்த ஒப்பணக்கார வீதி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தானே நெய்தது. மூன்று வருடம் கழித்து டிசைன் மாறும், தம்பிக்கு ஆகாது. அதைச் சீருடை என்பதைவிட ரசீது இல்லாத கட்டணம் என்பேன்.

துணிக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வயதுப் பையனுக்கு அரைக்கைச் சட்டைக்கு ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் போதும். அந்தத் துணி விலை, தையற்கூலி, பட்டன், காலர் கேன்வாஸ், ஜேபியில் வைக்கிற பேட்ஜ் எல்லாம் கூட்டிப் பாருங்கள். பள்ளியில் கேட்ட தொகைக்கும் இதற்கும் நடுவில் இருப்பது யாருடைய பங்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளி சிபிஎஸ்இ என்றால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. புத்தகம், சீருடை என்று விற்று வியாபாரம் செய்யக்கூடாது என்று அந்த வாரியம் 2017இல் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. இங்கிலாந்தில் 2021இல் சீருடைச் செலவுக்கென்றே சட்டம் போட்டார்கள். பள்ளியின் பெயர் பொறித்த உருப்படிகளைக் குறைக்க வேண்டும், விலையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தனியாகப் போய்க் கேட்டால் "உங்க பையனுக்கு டிசி வேணுங்களா" என்று மிரட்டுவார்கள். அதனால் வகுப்புப் பெற்றோர் பத்துப் பேராகப் போங்கள். சண்டைக்கு நிற்காதீர்கள். "பேட்ஜும் டையும் உங்ககிட்டயே வாங்கிக்கறோம், துணி மாதிரியைக் கொடுங்க, நாங்களே எடுத்துத் தெச்சுக்கறோம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இதற்கு ஒத்துக்கொண்ட பள்ளிகளின் துணி எங்கள் கடைக்கு வருகிறது. ஒத்துக்கொள்ளாத பள்ளிகளும் இருக்கின்றன, அதையும் மறைக்கவில்லை. ஆனால் டிசைனை ஐந்து வருடத்துக்கு மாற்றக்கூடாது என்று எழுதி வாங்க முடிந்தாலே பாதி வெற்றி.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: யூனிஃபார்ம் போட்டா எல்லாரும் சமம்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ஆனா பேக், ஷூ, வாட்ச், டிபன் பாக்ஸ் எல்லாத்துலயும் வித்தியாசம் தெரிஞ்சுதே டீச்சர்?

தெரியும் கண்ணு. சட்டை மறைப்பதைச் சாப்பாட்டு டப்பா திறந்து காட்டிவிடும். இதைவிடக் கொடுமை கையில் கட்டுகிற கயிறு. ஒரே கலர் சட்டை போட்ட பிள்ளைகள் மணிக்கட்டில் ஆளுக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு, அதை வைத்து யார் எந்த சாதி என்று பிரித்துப் பார்க்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கலர் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது.

அது தெற்கத்திச் சங்கதி, நம்ம பக்கம் அப்படியெல்லாம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். மத்தியானம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்லட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சீருடை ஒரு பள்ளிக்குள்தான் சமம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எது அரசுப் பள்ளி, எது மெட்ரிக், எது சிபிஎஸ்இ என்று தூரத்திலிருந்தே அந்தத் துணி சொல்லிவிடுகிறது. ஆனால் அதே துணிதான் பஸ் பாஸ் கைக்கு வரும் வரைக்கும் பாஸாகவும் இருக்கிறது. சீருடையில் இருந்தால் அரசுப் பேருந்தில் காசு கேட்க மாட்டார்கள். அந்தியூர் மலையடிவாரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு ஆசிரியர்: சீருடையால் ஒழுக்கமும் மார்க்கும் கூடுகிறதா? ஆய்வு ஏதாவது உண்டா?

சார், உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாங் பீச் பள்ளிகளில் 1994இல் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு குற்றம் குறைந்தது என்றார்கள், 1996இல் அதிபர் கிளின்டனே அதை ஆதரித்துப் பேசினார். 1998இல் பிரன்ஸ்மா, ராக்கமோர் என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்து அலசினார்கள். வருகைப்பதிவு, நடத்தை, போதைப் பழக்கம் எதிலும் சீருடையால் வித்தியாசம் தெரியவில்லை. லாங் பீச்சில் சீருடையோடு சேர்த்து வேறு பல மாற்றங்களும் நடந்தன, பலனைச் சட்டை தட்டிக்கொண்டு போய்விட்டது என்பது அவர்கள் வாதம்.

கென்யாவில் வேறு கேள்வி கேட்டார்கள். சீருடை வாங்க முடியாத பிள்ளைக்கு அதை இலவசமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று வருடத்தில் பெண்பிள்ளைகள் படிப்பை விடுவது 19 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சின்ன வயதில் தாயாவதும் குறைந்தது. அங்கேயே நடந்த வேறொரு ஆய்வில், துணி கொடுத்த புதிதில் லீவு போடுவது நன்றாகக் குறைந்தது, எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது எத்தனை வகுப்பு படித்தார்கள் என்பதில் வித்தியாசம் நிற்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: போடு என்று கட்டாயப்படுத்தியதால் யாரும் திருந்தவில்லை, இந்தா என்று கொடுத்ததால் சில பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள். காலையில் பிரேயரில் நிறுத்தி டை கட்டாதவனுக்கு முட்டி போடும் தண்டனை கொடுப்பதில் போகும் நேரத்துக்கு இரண்டு கணக்குப் போட்டுக் கொடுக்கலாம் சார்.

கரூரிலிருந்து: இந்த வெயில்ல டை, சாக்ஸ், ஷூ தேவைங்களா?

தேவையில்லை. முழுக்கப் பாலியஸ்டர் வேண்டாம் என்றும் கேளுங்கள். சட்டைத் துணியில் பருத்தி கூடக்கூட வேர்வை உறிஞ்சும், சீக்கிரம் கசங்கும். அயர்ன் செய்யும் அம்மாவுக்கு வேலை, பிள்ளைக்குச் சுகம். நான் பிள்ளை பக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா: மகள் ஒன்பதாவது. வாரத்துல ஒரு நாள் முழு வெள்ளை போடச் சொல்றாங்க. அந்த நாட்கள்ல ரொம்பச் சங்கடப்படறா.

இதை டீச்சர்களிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கறை தெரிந்துவிடுமோ என்று பெஞ்சை விட்டு எழுந்திருக்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லத் தெரிந்தும் கை தூக்காது அந்தப் பிள்ளை. மேல் சட்டை வெள்ளையாக இருக்கட்டும், கீழே பேண்ட் அடர்நிறமாக இருக்கட்டும் என்று நாலு அம்மாக்கள் சேர்ந்து தலைமையாசிரியையைப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத மாற்றம்.

பாவாடை தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறியபோதும் ஊரே பேசியது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கொடுத்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் கேரளாவில், பாலுசேரி அரசுப் பெண்கள் பள்ளியில் 2021 டிசம்பரில் பிளஸ் ஒன் பிள்ளைகள் பேண்ட், சட்டைக்கு மாறினார்கள். எதிர்ப்பு இருந்தது. ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் எது வசதி என்று பிள்ளைகளைக் கேட்டால் வேலை முடிந்தது.

திருப்பூரிலிருந்து: மாலை போட்ட பையன் கருப்பு வேட்டில வரலாம், முக்காடு போட்டு வரக்கூடாதுன்னா என்ன நியாயம்?

வகுப்பறையில் முக்காடு (ஹிஜாப்) போடத் தடை விதித்த கர்நாடக வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை. என் வகுப்பில் மாலை போட்ட பையனும் இருந்தான், முக்காடு போட்ட பிள்ளையும் இருந்தது, இருவருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவருக்கும் விட்டுக்கொடுங்கள்.

அவிநாசியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன்: டீச்சர், பர்த்டேக்கு மட்டும் கலர் டிரஸ் போட விடறாங்க. தினமும் விட்டா என்ன?

தம்பி, அந்த ஒரு நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பிறந்தநாளன்று லீவு போடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. புதுத்துணி எடுக்கவில்லை, சாக்லேட் வாங்கக் காசில்லை, யாராவது கேட்பார்கள் என்ற பயம். உன் வகுப்பிலும் அப்படி யாராவது இருப்பார்கள், தேடிப் பார். தினமும் கலர் டிரஸ் என்றால் அவர்களுக்கு தினமும் அந்த நாள்தான். இருந்தாலும் உன் கேள்வி தப்பில்லை. எந்தக் கலர், எந்தத் துணி என்று முடிவு செய்யும்போது உங்களையும் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உன் அப்பா அம்மா போவார்கள் என்றால் இதைக் கேட்கச் சொல்.

சத்தியமங்கலத்திலிருந்து: மகனுக்குச் சட்டை சின்னதாயிருச்சுங்க, கிழியலை. தூக்கிப்போட மனசு வரலை. என்ன பண்றதுங்க?

தூக்கிப்போட வேண்டாம். துவைத்து, ஜேபியில் இருக்கும் பேட்ஜைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, உயரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குத்திவிடுங்கள். வயதை எழுதாதீர்கள், எட்டு வயதில் எத்தனை அளவு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எங்கள் கடைக்கு வந்து பார்த்தால் தெரியும். மே கடைசி வாரத்தில் பள்ளியில் ஒரு மேசை போடச் சொல்லி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுத மட்டும் விடாதீர்கள். பெயர் எழுதினால் யாரும் எடுக்க மாட்டார்கள்.