மரக்கோட்டையும் மலைக்கோட்டையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் அமெரிக்காவில் லெக்சிங்டன் நகரில் வேலை பார்க்கிறான். பக்கத்தில் ஹாராட்ஸ்பர்க் என்ற ஊரில் பழங்கால மரக்கோட்டை இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்கிறான். அது உண்மையிலேயே பழசுதானா? போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: ஊர் பழசு, கோட்டை புதுசு. ஜேம்ஸ் ஹாராட் தலைமையில் வந்தவர்கள் 1774-ல் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். அலெகேனி மலைகளுக்கு மேற்கே நிலைத்துவிட்ட முதல் அமெரிக்கக் குடியேற்றம் அது. அவர்கள் கட்டிய கோட்டை மறைந்துபோயிற்று. இன்று கென்டக்கி மாநிலப் பூங்காவில் நிற்பது 1927-ல் திரும்ப எழுப்பியது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கட்டிய முறையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் குடில்களின் மூலைகளுக்குப் போங்கள். ஒரு மரத்தின் மேல் அடுத்த மரம் உட்காரும் வெட்டை உற்றுப் பாருங்கள். நல்ல தச்சன் அந்த வெட்டை வெளிப்பக்கம் சரியும்படி செதுக்குவான். மழைநீர் பொருத்துக்குள் தங்காமல் வழிந்துவிடும். சமமாக வெட்டினால் நீர் தேங்கி மூலைதான் முதலில் மக்கும். மூலையில் இருக்கும் காவல் வீட்டின் மாடி கீழ்ச்சுவரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரடியில் ஒண்டுபவனை மேலிருந்தே சுடுவதற்கான ஏற்பாடு அது. லிங்கனின் பெற்றோர் 1806-ல் மணம் முடித்த குடிலையும் அதே பூங்காவில் ஒரு செங்கல் கட்டடத்துக்குள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். கொல்லுப்பட்டறை, நெசவு போன்ற செயல்விளக்கங்கள் எந்த நாட்களில் நடக்கின்றன என்று மகனை முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தில் கட்டிய கோட்டைக்கு ஒரு தீப்பந்தம் போதாதா? எப்படித் தாக்குப்பிடித்தது?
– வாசகர், ஆத்தூர்

பதில்: எதிரியிடம் பீரங்கி இல்லாதவரை தாக்குப்பிடித்தது. உங்கள் ஆத்தூர்க் கோட்டையைக் கல்லில் எழுப்பியவர்கள் வேறு வகைப் போரை எதிர்பார்த்தவர்கள்.

தீக்கு எதிரான யோசனை கூரையிலேயே தொடங்கியது. குடில்களின் பின்சுவரே கோட்டைச் சுவராக இருக்கும். கூரை ஒரே சரிவாக உட்பக்கம் இறங்கும். வெளியிலிருப்பவன் கண்ணுக்குக் கூரைப்பரப்பு தெரியாது. தீ விழுந்தாலும் உள்ளிருப்பவர்கள் மறைவில் நின்றே அணைக்கலாம். குச்சியும் களிமண்ணும் வைத்துக் கட்டிய புகைபோக்கியைச் சில இடங்களில் வீட்டை விட்டுச் சற்றே சாய்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். பற்றிக்கொண்டால் முட்டைத் தட்டிவிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடுவார்கள்.

1778 செப்டம்பரில் அதே கென்டக்கியில் இருந்த பூன்ஸ்பரோ மரக்கோட்டையை ஷானி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் முற்றுகையிட்டபோது இதெல்லாம் சோதனைக்கு வந்தது. அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து கோட்டையை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள், இரவில் பந்தங்களை வீசினார்கள். கனமழை பெய்து சுரங்கம் இடிந்தது, முற்றுகையும் கலைந்தது. கோட்டைக்காரர்களின் வீரம் மட்டுமே கதை இல்லை. 1775-ல் குடியேற்ற நிறுவனம் செரோக்கி என்ற இன்னொரு பழங்குடியின் தலைவர்களிடம் அந்த நிலத்தை விலைபேசியது. அதே காட்டில் வேட்டையாடி வந்த ஷானிகள் அந்தப் பேரத்தில் இல்லை. கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் இப்படி ஒரு மரவேலியை 20 அடி நீளத்துக்கு மாதிரியாகக் கட்ட ஆசை. எஸ்டேட்டில் சில்வர் ஓக் தருவதாகச் சொல்கிறார்கள். அடியைத் தீயில் கருக்கி நட்டால் போதுமா? எத்தனை வருஷம் நிற்கும்?
– ஆசிரியர், ஏற்காடு

பதில்: கருக்கினால் போதாது. கரி ஏறுவது மேல்தோலில்தான். மரம் காய்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பு வழியே ஈரமும் கரையானும் உள்ளே போய்விடும். மிளகுக்கொடி ஏற்ற சில்வர் ஓக் அருமையான மரம். மண்ணுக்குள் நிற்க அதற்குத் தெம்பு கிடையாது. மக்குவதும் ஆழத்தில் தொடங்காது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் தரைமட்டத்தை ஒட்டிய ஓரடிதான், முறிவதும் அங்கேதான். மேலே பார்த்தால் கம்பம் திடமாகத் தெரியும், அடி போயிருக்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஐந்து அங்குல விட்டம், ஏழடி உயரக் கம்பம் காய்ந்த பிறகும் கிட்டத்தட்ட 15 கிலோ இருக்கும். 20 அடிக்கு 48 கம்பம், ஆக 700 கிலோவுக்கு மேல். பிள்ளைகள் சாய்ந்து விளையாடும் இடத்தில் இந்தப் பாரத்தை மக்கும் அடியை நம்பி விடக்கூடாது.

எங்கள் யோசனை இது. ஐந்தடிக்கு ஒன்றாக ஐந்து இரண்டங்குல ஜி.ஐ. குழாய்களை இரண்டரை அடி ஆழக் கான்கிரீட்டில் உட்பக்கமாக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடியிலும் ஐந்தடியிலும் குறுக்கே இரண்டு இரும்பு ஆங்கிள். கம்பங்களை அவற்றில் 10 மி.மீ. கால்வனைஸ்டு போல்ட்டால் முடுக்குங்கள், மரத்தில் துளை 12 மி.மீ. இருக்கட்டும். இறுக்கமாகத் துளைத்தால் மரம் சுருங்கும்போது போல்ட்டை ஒட்டிப் பிளக்கும். கம்பத்தின் அடி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும், கீழே ஜல்லி பரப்புங்கள். கரையான் ஏறினாலும் குழாயின் மீது மண்தடம் போட்டுத்தான் ஏற முடியும், கண்ணில் பட்டுவிடும். அடிப்பக்கம், நுனிப்பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் சந்து குறையும்.

வெட்டிய கையோடு பட்டையை உரித்துவிடுங்கள், பட்டைக்கடியில்தான் வண்டு முட்டையிடும். பச்சையாக இருக்கும்போதே 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து ஒரு வாரம் முங்க வையுங்கள். கையுறை கட்டாயம், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பிறகு கட்டை கொடுத்து அடுக்கி, நிழலில் மூன்று மாதம் உலர்த்துங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறும் என்பதால் உலர்ந்ததும் ஆளி எண்ணெய் இரண்டு பூச்சு வேண்டும், ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஒரு பூச்சு. உச்சியைக் கூராக்க வேண்டாம், தட்டையாகவும் விடவேண்டாம். ஒருபக்கச் சரிவாக அறுத்து விளிம்பை மழுக்கிவிடுங்கள்.

கூடவே ஒன்று செய்யுங்கள். கடைசி மூன்றடியை மட்டும் இடுப்பளவு உயரத்தில் பழைய முறைப்படியே கட்டுங்கள்: இரண்டரை அடிப் பள்ளம், அடியில் அரையடி ஜல்லி, கம்பத்தை நிறுத்தி அரையடி அரையடியாக மண் போட்டுத் திமிசால் இடித்து இறுக்குவது. கம்பத்தைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றாதீர்கள். மரம் சுருங்கியதும் நடுவில் விழும் இடைவெளியில் நீர் நிற்கும். ஆண்டுக்கொருமுறை மாணவர்களைக் கொண்டு ஒரு கம்பத்தின் அடியைத் தோண்டி, ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி எவ்வளவு இறங்குகிறது என்று அவர்களே குறித்து வைக்கட்டும்.

மலையில் மரம் வெட்ட எஸ்டேட்காரர் சம்மதம் மட்டும் போதாது. வனத்துறையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காக்காரர்கள் இல்லாத கோட்டையையே கட்டுகிறார்கள். நம் சங்ககிரிக் கோட்டைச் சுவரில் கல் பெயர்ந்து கிடக்கிறது. ஊர் இளைஞர்கள் சேர்ந்து சிமென்ட் போட்டுப் பூசினால் என்ன?
– வாசகர், சங்ககிரி

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். ஹாராட்ஸ்பர்க்கில் மூலக் கோட்டை இல்லை, அதனால் மாதிரி கட்டினார்கள். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை இன்னும் உங்கள் கண்முன்னே நிற்கிறது. நிற்பதை மாற்றிக் கட்டினால் சான்று அழிந்துவிடும்.

சிமென்ட் செய்யும் கெடுதல் வேறு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சுவர் அசைந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட நீர் பழைய சாந்தைக் கரைத்து, உப்பைக் கிளப்பி, பூச்சோடு சேர்த்துக் கல்லையும் தள்ளும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் ஆபத்து, வேரோடு கல்லும் வந்துவிடும்.

இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் கைவைப்பது குற்றம். 2010 திருத்தத்தின்படி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

உங்கள் இளைஞர்களால் செய்ய முடிந்த நல்ல வேலை ஒன்று உண்டு. பெயர்ந்த இடங்களை மழைக்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் நின்று, அளவுக்கு ஒரு அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எந்த வாசலிலிருந்து எத்தனை அடி என்று எழுதி, தேதி போட்டு, துறை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விழுந்த கல்லை நகர்த்தாதீர்கள். அது கிடக்கும் இடத்தை வைத்துத்தான் சுவரில் எங்கிருந்து பெயர்ந்தது என்று கண்டுபிடிப்பார்கள்.