சாலையில் அடிபட்ட ஆமை: பெங்களூரு கேள்வி பதில்

ஹெசரகட்டா: அக்கா, நேத்து ராத்திரி மழையில வண்டி ஏறின ஆமையை எடுத்துட்டு வந்திருக்கேன். ஓட்டுல விரிசல், ரத்தம் கசியுது. இப்ப என்ன செய்யணும்?

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. உயரமான அட்டைப் பெட்டியில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கும். பக்கவாட்டில் நாலு ஓட்டை போட்டு மூடி, சத்தமில்லாத மூலையில் வைத்துவிடுங்கள். விரிசல்மேல் சுத்தமான காஸ் துணி போடுங்கள். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முதுகெலும்பு பாதிக்கும். நம் ஏரிப்பக்கம் சாதாரணமாகத் தென்படுவது பாலாமை. கழுத்து நீளம், திரும்பிக் கடிக்கும். ஓட்டின் பின்பாதியைப் பிடியுங்கள்.

ஓடு, அது போட்டிருக்கும் சட்டை அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஆன உடம்பு, வலி தெரியும். நுரையீரல் அதற்கு நேர் கீழே இருக்கிறது. ஓசூர் சாலையில் ஒருமுறை நான் தூக்கிய பாலாமையின் விரிசலில், ஒவ்வொரு மூச்சுக்கும் சிவப்பாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அதனால்தான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன், தண்ணீரில் விடாதீர்கள். தீனியும் வேண்டாம்.

வனத்துறை உதவி எண் 1926. கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனையும் இருக்கிறது. ஆமை கிடைத்த இடத்தைக் குறித்துக் கொடுங்கள், குணமானதும் அந்தப் பக்கமே விடவேண்டும்.

மடிவாளா: பக்கெட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி வைக்கலாமா?

பதில்: கூடாது.

பானஸ்வாடி: விரிசலை ஃபெவிக்விக் வச்சு ஒட்டிட்டேன்.

பதில்: அழுக்கும் கிருமியும் உள்ளேயே அடைபட்டிருக்கும். நீங்களே பிய்க்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டி, என்ன ஒட்டினீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் கழுவி, எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் ஓட்டைச் சேர்ப்பார்கள். எலும்பு ஒட்டிச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

சிவாஜி நகர்: 'ஆமை புகுந்த வீடு உருப்படாது'ன்னு மாமியார் ஒரு ராத்திரிகூட வைக்க விடமாட்டேங்கறாங்க.

பதில்: அது 'ஆம்பி பூத்த வீடு' என்பதன் திரிபு என்பார்கள் அம்மா. ஆம்பி என்றால் காளான். அடுப்பெரியாமல் ஈரம் கட்டிக் காளான் பூத்த வீடு.

அல்சூர்: வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளக்கம் இது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்றுதான் என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆமை, அமீனா என்று ஓசை பொருந்தி வருகிறதே, காளான் எங்கே வந்தது?

பதில்: ஓசையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். பழமொழியில் ஆமையே இருக்கட்டும். ஜப்தி செய்ய வரும் அமீனாவுக்கு யாரும் பெட்டியில் வேட்டி விரிக்கப்போவதில்லை, ஆமைக்கு விரிக்கத்தான் வேண்டும். மாமியாரிடம் மாடிப்படி மூலையைக் கேட்டுப் பாருங்கள் அம்மா. ஒரு ராத்திரிதான்.

கே.ஆர்.புரம்: எங்க வீட்டுல வாஸ்துக்காக நட்சத்திர ஆமை வளர்க்கறோம். அதிர்ஷ்டம்தானே?

பதில்: ஒரு வீட்டில் தரித்திரம், ஒரு வீட்டில் அதிர்ஷ்டம். ரெண்டு சுமையையும் ஆமைமேல் ஏற்றாதீர்கள். நட்சத்திர ஆமை, பாலாமை இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஏரியில் விட்டுவிடாதீர்கள், நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, மூழ்கிவிடும்.

ஒயிட்ஃபீல்ட்: கால் நனையற அளவுக்காவது தண்ணி...

பதில்: மடிவாளாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். தனிச்செய்தியிலும் ஆறு பேர் இதையே கேட்டுவிட்டீர்கள். தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

ராமமூர்த்தி நகர்: அசைவே இல்லை. செத்துப்போச்சுன்னு புதைச்சிடலாமா?

பதில்: புதைக்காதீர்கள். ஆமைக்கு மூச்சும் இதயத்துடிப்பும் மிக மெதுவாகிவிடும், பார்வைக்குச் செத்தது போலவே கிடக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நிஜமாகவே இறந்திருந்தாலும் கொண்டுபோங்கள். பெட்டை ஆமை வயிற்றில் ஓடு கட்டிய முட்டை இருந்தால், அதை எடுத்து மணலில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கலாம்.